வேட்டைச் சட்டம்



கௌதாரியையும் காடையையும் மானையும் வேட்டையாடுவது நம் நாட்டில் நெடுங்காலம் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலங்களில் அதனைத் தடுக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறு வேட்டைக்கும் பெரு வேட்டைக்கும் தனித்தனி உரிமங்களை வகுத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமோ அவ்வுரிமங்களையே ஒழித்துவிட்டது.

ஆயினும், மான்கூட்டம் மேய்ந்தழித்த வயலின் முன் நிற்கும் உழவனது துயரை நாம் மறத்தலாகாது. பயிருக்குக் கேடு விளைக்கும் சில வகை விலங்குகளைக் கொல்ல, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ அனுமதிக்கலாம். அதற்கான காரணத்தை எழுத்தில் கூறவும் வேண்டும். அந்த ஆணை காலந்தாழ்ந்தால் உழவன் வாடுவான். ஆராயாமல் பிறந்தால் காடு வெறுமையாகும். எனவே, சட்டத்தின் பயன் அவ்வெழுத்தின் நேர்மையிலேயே அடங்கியுள்ளது.