அடையாற்றின் நிர்வாகி: மருத்துவர் வி. சாந்தாவும் பெண் தலைமையும்



மருத்துவத் துறையில் பெண் தலைமை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிடும்; ஆகவே அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மருத்துவர் வி. சாந்தா ஒருவரையே பேசலாம் என்று வந்திருக்கிறேன். 2021 ஜனவரி 19 அன்று அவர் மறைந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை அவரைத் தவமுனிவராக்கின. வளாகத்துக்குள்ளேயே வாழ்ந்தார், எளிய புடவை கட்டினார், தனக்கென எதுவும் சேர்க்கவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணைத் துறவியாக்கிக் கும்பிட்டுவிட்டால், அவர் திறமையான நிர்வாகி என்பதைப் பேச வேண்டிய அவசியம் நமக்கு இல்லாமல் போகிறது. ஆண் இயக்குநர்களுக்கு இப்படி நேர்வதில்லை. அவர்கள் கட்டிய கட்டடங்களையும் வாங்கிய கருவிகளையும் வரிசையாகச் சொல்லிப் பாராட்டுகிறோம்.

கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. நிலையத்தை நிறுவிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து 1954 ஜூன் 18 அன்று நிலையம் திறக்கப்பட்டது வரை 31 ஆண்டுகள். இடையில் முத்துலட்சுமி சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்து, அதன் துணைத்தலைவராகவும் இருந்தவர். தீர்மானம் கொண்டுவருவது, அமைச்சரிடம் மனுப் போடுவது, மறுக்கப்பட்ட மனுவை வேறு வாசலில் கொடுப்பது எல்லாம் அவருக்குப் பழகிய வேலைகள். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், தனி மருத்துவமனை எதற்கு என்ற பொருளில் அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்ததாகச் சாந்தா சொல்லியிருக்கிறார். முத்துலட்சுமி பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். திறந்தபோது இருந்தவை 12 படுக்கைகள்.

இந்தப் பன்னிரண்டு படுக்கைகளுக்குத்தான் 1955இல் சாந்தா வந்தார். எம்.டி. முடித்து, அரசுத் தேர்விலும் தேறியிருந்தார்; எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு வந்ததைத் தியாகம் என்கிறோம். மூன்றாண்டுகள் சம்பளமில்லாமல் உழைத்து, பிறகு மாதம் 200 ரூபாய் பெற்றவரைப் பற்றி அப்படித்தான் சொல்லத் தோன்றும். நான் வேறு விதமாகவும் பார்க்கிறேன். பெரிய அரசு மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவருக்குப் பிரசவ வார்டு கிடைத்திருக்கும். எந்த நோயாளியைச் சேர்ப்பது, எந்தக் கருவியை வாங்குவது, யாரிடம் கட்டணம் வாங்காமல் விடுவது என்று முடிவெடுக்கும் நாற்காலி கிடைக்க எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ! அடையாற்றில் முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து முதல் நாளிலிருந்தே அத்தனையையும் முடிவு செய்தார்கள். பணத்தை விட்டு அதிகாரத்தை எடுத்துக்கொண்டார் என்று சொன்னால் அவரை இழிவுபடுத்துவதாகாது.

வேலூரிலும் ஏறத்தாழ இதே கதைதான். மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். விண்ணப்பிக்க ஆளே இருக்காது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். 151 பேர் விண்ணப்பித்தார்கள். இருக்கிற வீட்டில் இடம் தராதவர்களுக்கு நடுவே தனி வீடு கட்டியவர்கள் இவர்கள்.

அடையாற்றுக்குத் திரும்புவோம். 1980 முதல் 1997 வரை சாந்தா இயக்குநர். அதன்பின் இறுதிவரை தலைவர். அந்தக் காலத்தில் நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்வது ஒரு பதிவேடு. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் கீழ் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவகம் 1980களின் தொடக்கத்தில் அடையாற்றில் அமைந்தது. காலராவைப் போல, புற்றுநோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அப்போது கிடையாது. எனவே பதிவகப் பணியாளர்கள்தான் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்ட வேண்டும்; நோய்க்குறியியல் கூடங்களின் பதிவுகளைப் பார்க்க வேண்டும்; மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளில் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் பெயர் கொடுத்திருப்பார். அவரை ஒருவராக எண்ணியாக வேண்டும். சலிப்பூட்டும் வேலை. யாரும் மாலை போட மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பதிவேட்டில்தான் சென்னைப் பெண்களின் உடல்நலம் எண்களாகத் தெரிந்தது. தொடக்க ஆண்டுகளில் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். காலப்போக்கில் மார்பகப் புற்றுநோய் அதை முந்தியது. முன்னதை முற்றுவதற்கு முன்பே, எளிய பரிசோதனையில் பிடித்துவிடலாம். அப்படியிருந்தும் பெண்கள் முற்றிய பிறகே வந்துகொண்டிருந்தார்கள். கிராமங்களுக்குப் பரிசோதனை முகாம்களைக் கொண்டுபோக வேண்டும், புகையிலைக்கு எதிராகப் பேச வேண்டும் என்று சாந்தா ஓயாமல் வாதாடியதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவரைக் கவனிப்பது மருத்துவர் வேலை. வராதவர் எத்தனை பேர் என்று கேட்பது தலைவர் வேலை.

விருதுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்: 2005இல் மகசேசே, 2016இல் பத்ம விபூஷண். அவற்றைவிட, 1984இல் புற்றுநோயியலில் உயர்சிறப்புப் படிப்புகளை அடையாற்றில் தொடங்கியதைப் பெரிதாக நினைக்கிறேன். தன் இடத்துக்கு வர ஆள் தயாரிக்காத தலைவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

இனி ஒரு குறை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் நலவாழ்வுப் பணியாளர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் பெண்கள், தலைமைப் பொறுப்புகளில் 25 விழுக்காடுதான் பெண்கள் என்கிறது. நாம் கொண்டாடும் பெண் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மருத்துவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பெண்கள் மிகுதியாக இருப்பது செவிலியர் பணியில். அந்த ஏணி நர்சிங் சூப்பரின்டென்டென்ட் என்ற படியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு எந்த வார்டில் ஆக்சிஜன் குழாய் கசிகிறது, எந்த ஊசி மருந்து வாரக் கடைசியில் தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் அறிந்தவர், மருந்து கொள்முதல் குழுவில் உட்காருவதில்லை. உட்கார்ந்தாலும் கடைசி நாற்காலி.

இங்கே மருத்துவமனை நடத்துபவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் கொள்முதல் குழுவில் செவிலியர் எத்தனை பேர்? வரவு செலவுத் திட்டத்தில் அவர்களில் யாருக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இருக்கிறது? தேநீர் இடைவேளைக்குப் பிறகு இந்தக் கேள்விகளோடு கலந்துரையாடலைத் தொடங்கலாம் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.