ஆள் பார்த்து வைத்தியம்

(பாளையங்கோட்டையில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துட்டு வாசல்லயே ஒரு தோழர் மறிச்சுக் கேட்டார்: "கவிதை எழுதுத ஆளு, பேங்க்ல வேலை பாக்குத ஆளு, ஒமக்கு எதுக்குவே வைத்தியம்?" நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம உடம்பைப் பற்றி நம்மைத் தவிர எல்லாரும் பேசியாச்சு. மதம் பேசிச்சு, சட்டம் பேசிச்சு, பண்ணையார் பேசினார். இப்போது மரபணு விஞ்ஞானம் பேசுகிறது. அது என்ன சொல்லுதுன்னு காது கொடுத்துக் கேட்பதில் தப்பில்லை.

தனிநபர் மருத்துவம் என்கிறார்கள். துல்லிய மருத்துவம் என்றும் சொல்வார்கள். 2015 சனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா இதற்கென்று ஒரு திட்டமே அறிவித்தார். விசயம் இதுதான். ஒரே நோய்க்கு எல்லாருக்கும் ஒரே மாத்திரை என்பது முரட்டு வைத்தியம். உடம்புக்கு உடம்பு மரபணு எழுத்து கொஞ்சம் மாறும். அதைப் படித்து, இந்த ஆளுக்கு இந்த மருந்து, இந்த அளவு என்று கொடுக்க வேண்டும்.

இது வெறும் புளுகு இல்லை. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. அந்த ஒட்டில் பிறக்கிற புரதத்தை மட்டும் குறிவைத்து அடக்குகிற மாத்திரை இமாடினிப். 2001இல் வந்தது. சில வருசம்தான் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் தினம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நோவார்ட்டிஸ் கம்பெனி 'கிளிவெக்' என்ற பேரில் விற்ற அந்த மாத்திரைக்கு மாசம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. விடுவானா? காப்புரிமை கேட்டான். சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில் 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அன்றைக்குத் தீர்ப்பு மாறியிருந்தால், ஆளுக்கேற்ற மருந்து என்பது பைக்கேற்ற மருந்து என்று முடிந்திருக்கும்.

(எங்க பேங்கில் நகைக்கடன் கவுண்டரில் தங்கத்தை எடை போடுவோம், ஆள் யார் என்பது ரெண்டாவது. தனிநபர் கடன் என்றால் ஆளையே எடை போடுவோம். சிபில் புள்ளி குறைந்தால் கதவு அடைப்பு. மரபணு ரிப்போர்ட்டும் உடம்புக்கு ஒரு சிபில் புள்ளி ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு பயம்.)

நம்ம ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "இது நம்மகிட்ட அன்னைக்கே இருந்ததுதானே!" 1964 முதல் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊராச்சே. சித்த வைத்தியம் நோயைப் பார்க்குமுன் ஆளைப் பார்க்கிறது என்பது வாஸ்தவம். நாடி, ஸ்பரிசம், நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், மூத்திரம் என்று எண்வகைத் தேர்வு. அயோத்திதாசப் பண்டிதரே சித்த வைத்தியர்தான். நமக்கும் அதில் பாத்தியதை உண்டு, யாரும் நமக்குப் பிச்சை போட வேண்டியதில்லை. ஆனால் அந்த எட்டில் ஒன்று ஸ்பரிசம். தொடுதல். நாடி பார்க்கவும் கையைத் தொடணும். தொட மாட்டேன் என்கிறவனிடம் எந்தச் சுவடி இருந்து என்ன பிரயோசனம்?

அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' எழுத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பரில் வந்த கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து சில நாளில் வயிற்றுப்போக்கும் மூச்சு முட்டலும். டாக்டர் சேரிக்குள் வர மாட்டார். பெரிய மனுசர்களைப் பிடித்து, ரெண்டு ரூபாய் ஃபீஸ் பேசி, சேரிக்கு வெளியே வந்து பார்க்கச் சம்மதிக்கிறார். பச்சை உடம்புக்காரி வெளியே கொண்டு வரப்படுகிறாள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் புருசனிடம், புருசன் மனைவியிடம். திரும்பவும் அதே வரிசை. விளக்கு வெளிச்சத்தில் பாதரசத்தைப் பார்த்து நிமோனியா என்கிறார் டாக்டர். நாடி பார்க்கவில்லை, நெஞ்சில் குழாய் வைக்கவில்லை. அந்தப் பெண் செத்துப்போகிறாள். நம்மைப் பொறுத்தவரை ஆள் பார்த்து வைத்தியம் அன்னைக்கே இருந்தது தோழர்களே.

இனி மரபணு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. 83 மக்கள் பிரிவுகளிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மக்கள் பிரிவு என்பது மரியாதையான சொல். உள்ளே இருப்பது சாதிகளும் பழங்குடிகளும்தான். தனிநபரைத் தேடிப் புறப்பட்ட விஞ்ஞானம் இந்தியாவுக்குள் கால் வைத்ததும் சாதிக் கதவைத்தான் தட்டுகிறது.

தட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஆந்திரப் பக்கத்து வைசியர்களில் கொஞ்சம் பேருக்கு ரத்தத்தில் ஒரு நொதி குறைவு. மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தக் கொடுக்கிற 'ஸ்கோலின்' மற்றவர்களுக்குச் சில நிமிசத்தில் தெளியும். இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. ஆகவே விவரமான மயக்க மருத்துவர் ஆபரேசனுக்கு முன் சாதியைக் கேட்கிறார். உயிர் காக்கிற கேள்வி. எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் குறை அந்த வட்டத்துக்குள் ஏன் தேங்கியது? உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுத்ததால். ஒளிந்து கிடக்கிற ஒரே பழுது அப்பனிடமிருந்தும் ஆத்தாளிடமிருந்தும் ஒரே பிள்ளைக்கு வந்து சேர்கிறது. 1916 மே 9இல், 25 வயசுப் பையனாக, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை சாதியின் உயிர்நிலை அகமணம் என்றது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே சனங்கள் நன்றாகக் கலந்தார்கள், பிறகுதான் கதவை அடைத்தார்கள் என்று 2013இல் மரபணு ஆய்வு சொன்னது. அதில் ஐதராபாத் ஆய்வகமும் சேர்ந்திருந்தது. சுத்த ரத்தம் என்று மீசை முறுக்குகிறவனிடம் அந்தக் கட்டுரையைக் கொடுக்க வேண்டும். நம் பக்கத்திலும் பள்ளர், பறையர், அருந்ததியர் என்று மூணு கதவு அடைத்துத்தான் கிடக்கிறது; அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதயத் தசையைப் பலவீனமாக்குகிற ஒரு மரபணு மாற்றத்தை 2009இல் அறிவித்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் அந்த ஆய்வில் இருந்தார்கள். இந்தியரில் நூற்றுக்கு நாலு பேரிடம் அது இருக்கிறது. அக்ரகாரம், சேரி என்று அது பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஆளைச் சோதித்தால் போதும், சாதிப் பெயர் தேவையில்லை. ஆகவே சோதனையை வேண்டாம் என்பது நம் வேலையல்ல. அது ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதுதான் நம் வேலை.

என் சண்டை வேறு இடத்தில். நோயை முழுக்க ரத்தத்துக்குள் தேடினால், வெளியே இருக்கிறது கண்ணுக்குத் தெரியாமல் போகும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் மடியில் சுளகை வைத்துப் பீடி சுத்துகிற அக்காவுக்கு இருமல். தூள் விரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் முப்பது வருசமாக உள்ளே போகிறது. அவளுக்கு எந்த மரபணுவைப் படிக்க? சாக்கடைக் குழிக்குள் விசவாயு யாருடைய டி.என்.ஏ.வையும் கேட்பதில்லை. 1993 முதல் அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குகளில் அந்தச் சாவுகளில் முன்னால் நிற்பது நம் தமிழ்நாடு. அங்கே மட்டும் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏன் ஒரே 'மக்கள் பிரிவு' என்று எந்த ஆய்வகம் சொல்லும்? மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். அவர்களுக்காக 1999 ஜூலை 23இல் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீசு அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். கூலி என்பது சோறு, பிள்ளைக்குப் பால். அதை உடல்நலக் கோரிக்கை என்று அன்றைக்கு யாரும் எழுதவில்லை.

இத்தாலியில் மோதேனா என்ற ஊரில் ராமஸ்ஸினி என்று ஒரு டாக்டர். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஆள் அவசர அவசரமாக வேலை செய்தாராம். ஏன் இப்படிப் பறக்கிறாய் என்று கேட்டதற்கு, இதற்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்றாராம். கண் சிவந்து கிடந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், இருட்டறையில் அடைந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கண்ணைக் கழுவுவது அவர்கள் வழக்கம். அந்த ஆளை வைத்துத்தான் ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றிய புத்தகத்தைத் தொடங்கினார், 1700இல் வந்தது. நோயாளியிடம் ஹிப்போகிரட்டஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருசம் தாண்டியாச்சு. நான் வாங்கின ஓ.பி. சீட்டுகளில் பேர், வயசு, ஆணா பெண்ணா இருக்கிறது. வேலைக்கு ஒரு கட்டம் பார்த்ததில்லை.

அடுத்த மாசம் நம் தோழர்கள் ஆற்றங்கரை ஊர்களில் மருத்துவ முகாம் போடுகிறார்கள். சக்கரை, பிரஷர் எழுதுகிற நோட்டில் ரெண்டு கட்டம் கூடுதலாகக் கோடு போடுங்கள். என்ன வேலை, எத்தனை வருசமாக. எழுதுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக் கேட்டு எழுதணும். சாதிக்குக் கட்டம் வேண்டாம். அந்த ரெண்டு கட்டமும் நிரம்பினால் அது தானாகத் தெரிந்துவிடும்.