அனுபவம் கையெழுத்துப் போடும். படிப்பு கேள்வி கேட்கும்!

(தலைப்பு: பள்ளிக்கூட நிர்வாகத்துக்குப் பெரிதும் துணை நிற்பது அனுபவமே! ஆய்வுப் படிப்பே! - 'ஆய்வுப் படிப்பே' என்ற அணியில் ஒரு தலைமை ஆசிரியை பேசியது.)

"இந்தம்மா என்ன சொல்லிடப் போகுது"ங்கிற மாதிரி எதிரே உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருக்கிற அருமை அண்ணன்மார்களே!

எனக்கு முன்னாலே பேசின அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "பள்ளிக்கூடம் நடத்த எதுக்கம்மா பிஎச்.டி.? நாலு பிள்ளைகளை வளர்த்த எங்க அம்மா எந்தப் பல்கலைக்கழகத்துல நிர்வாகம் படிச்சாங்க?" நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க. நானும் தட்டினேன். ஏன்னா, நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் நானும் அவர் கட்சிதான் ஐயா! (சிரிப்பு)

நான் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் எங்க பள்ளி. சத்துணவு, கட்டடம், வருகைப் பதிவு, பெற்றோர் கூட்டம் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்க பள்ளியில் இடைநிற்றல் எவ்வளவுன்னு மேலிடத்துல கேட்டா, நிமிர்ந்து நின்னு சொல்லுவேன்: பூஜ்யம்! கூட்டத்துல எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டியிருக்காங்க.

2022-ஆம் வருஷம், ஜூலை மாசம். பேருந்து நிறுத்தத்துல நிற்கிறேன். மில்லு வேன் ஒண்ணு வந்து நிற்குது. கையில தூக்குவாளியோட ஒரு பொண்ணு ஏறப் போறா. பார்த்தா, ரெண்டு மாசத்துக்கு முன்னே எங்கிட்ட எட்டாம் வகுப்பு முடிச்சவ. வகுப்புலே நல்லாப் படிக்கிற பிள்ளை. "ஏம்மா, ஒன்பதாவது எந்த ஸ்கூல்ல சேர்ந்தே?"ன்னு கேட்டேன்.

"சேரலை டீச்சர். நீங்கதான் டி.சி. குடுத்துட்டீங்களே"ன்னா.

நடுவர் ஐயா, அவ என்னைக் குத்திக் காட்டிச் சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னா. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

என் பதிவேடு பொய் சொல்லலை ஐயா. எட்டாம் வகுப்பு வரைக்கும் எந்தப் பிள்ளையும் நிற்கலை. 2009-ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயசு முதல் 14 வயசு வரைக்கும் இலவசக் கல்விக்கு உத்தரவாதம் தருது. அதுக்குள்ளே எட்டாம் வகுப்பும் முடிஞ்சு போகுது. என் பொறுப்பும் முடிஞ்சு போகுது. அடுத்த பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி. தமிழ்நாட்டுல அரசு தர்ற விலையில்லா மிதிவண்டி பதினோராம் வகுப்புலதான் வருது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பேருந்துதான் கதி. எங்க ஊர்ப் பேருந்து ஒண்ணு ஏழு மணிக்கு, அடுத்தது பத்து மணிக்கு. இந்தப் பக்கம் என் பதிவேட்டுல அவ பேரு இல்லை. அந்தப் பக்கம் அவங்க பதிவேட்டுல இன்னும் ஏறலை. நடுவுல உள்ள பள்ளத்துல ஒரு பொண்ணு விழுந்து கிடக்கா. என் கணக்குல மட்டும் பூஜ்யம்!

அந்தப் பூஜ்யத்தை வருஷா வருஷம் எழுதினது யாரு? என் அனுபவம்! "இது எப்படி பூஜ்யம் ஆச்சு?"ன்னு ஒரு நாளாவது என்னைக் கேட்க வைச்சதா அந்த அனுபவம்? இல்லையே ஐயா! (கைதட்டல்)

சரி, இதைப் படிச்சுத்தான் பார்ப்போம்னு 2023-ல் கல்வி நிர்வாகத்துல பிஎச்.டி.க்கு விண்ணப்பம் போட்டேன். வீட்டுல சொன்னதும் என் பொண்ணு சிரிச்சா. என் வீட்டுக்காரர் மட்டும் விதிமுறையைக் கண்ணாடி போட்டுப் படிச்சார். "குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷமாம். பெண்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் சலுகையாம். அந்தச் சலுகை படிக்கப் போற உனக்கா, சமைக்கப் போற எனக்கா?"ன்னார். (பலத்த சிரிப்பு)

முதுகலையில 55 சதவீதம் வேணும். விதிப்படி சலுகை உள்ளவங்களுக்கு 5 சதவீதம் குறைவு. அது இருந்துச்சு. வேலையில இருந்துக்கிட்டே பகுதி நேரமாப் படிக்கணும்னா அலுவலகத்துத் தடையில்லாச் சான்று வேணும். படிக்க நேரம் இருக்கு, தேவைப்பட்டா பாடத்திட்ட வகுப்புக்குப் பணியிலிருந்து விடுவிக்கிறோம்னு அதுல எழுதித் தரணும். அலைஞ்சு வாங்கினேன். "ஏம்மா அலையறே, தபால்லயே டாக்டர் பட்டம் வாங்கலாமே"ன்னு ஒருத்தர் யோசனை சொன்னார். தாய்மார்களே, யாராவது அப்படிச் சொன்னா நம்பாதீங்க! தொலைநிலைக் கல்வியில பிஎச்.டி. கிடையாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதியே சொல்லுது.

நெறியாளர் தேடினது மாப்பிள்ளை தேடின கதைதான். ஒரு பேராசிரியர் எட்டுப் பேரைத்தான் வச்சுக்கலாம். இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. போன இடமெல்லாம் "இடம் இல்லம்மா." மாப்பிள்ளை வீட்டுலயாவது காபி குடுப்பாங்க! (சிரிப்பு)

நுழைவுத் தேர்வுல தேறிட்டேன். நேர்காணல். ஆய்வுத் தலைப்பு என்னன்னு கேட்டாங்க. கம்பீரமாச் சொன்னேன்: "பள்ளி நிர்வாகத்தில் பிரச்சினைகளும் தீர்வுகளும்." ஒரு பேராசிரியை அம்மா அமைதியாக் கேட்டாங்க: "எந்தப் பள்ளி? யாருக்குப் பிரச்சினை? தீர்வுன்னு எதை வச்சு அளப்பீங்க?" இருபத்திரண்டு வருஷ அனுபவம் இருந்தும் எனக்குப் பதில் வரலை. இடமும் கிடைக்கலை.

ஆனா அந்த மூணு கேள்வியோட வீட்டுக்கு வந்தேன். மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தோட அடிக்கட்டைகளைத் தூசி தட்டி எடுத்தேன். ஒவ்வொரு பெண் பிள்ளையும் எந்தப் பள்ளியில சேர்ந்தான்னு வீடு வீடாப் போய் விசாரிச்சு எழுதினேன். 2022-ல் என் கையெழுத்தோட வெளியே போனது பதினோரு பெண் பிள்ளைகள். ஒன்பது பேர் சேர்ந்திருக்காங்க. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டுல இருக்கா. ஒருத்தி மில்லுல.

2024-ல் மறுபடி போனேன். அதே கேள்வி. "எட்டாம் வகுப்பு முடிச்ச பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புல சேர்றதுக்கு நடுவுலே தலைமை ஆசிரியர்கள் என்ன செய்யறாங்க, என்ன செய்யலை"ன்னு சொன்னேன். இடம் கிடைச்சுது! (கைதட்டல்)

எதிரணி அண்ணன் எழுந்திருப்பார். "இதுக்கு மனசு போதுமே, பட்டம் எதுக்கு?" அண்ணே, எனக்கு மனசு எப்பவும் இருந்துச்சு. ஆனா கண்ணுக்குப் படாத பிள்ளைக்காக எந்த மனசு இரங்கும்? ஒரு பிள்ளையைக் காப்பாத்த மனசு போதும். ஒன்றியம் முழுக்க உள்ள பிள்ளைகள் எங்கே தவறிப் போறாங்கன்னு கண்டுபிடிக்க முறை வேணும். அந்த முறைக்குப் பேருதான் ஆராய்ச்சி.

"காமராஜர் படிச்சாரா?"ன்னு கேட்டார். படிக்காத மேதைதான். அந்த மேதை கல்வித்துறை இயக்குநராப் பக்கத்துல வச்சிருந்தது யாரை? நன்றாகப் படித்த நெ.து.சுந்தரவடிவேலு அவர்களை! படிப்போட அருமை அந்தப் பெருந்தலைவருக்குத் தெரிஞ்சுது, அண்ணனுக்குத்தான் தெரியலை! (பலத்த கைதட்டல்)

இப்ப எங்க பள்ளியில மாற்றுச் சான்றிதழ் குடுக்கும்போது, எந்தப் பள்ளிக்குன்னு கேட்டு எழுதிக்கிறோம். ஜூன் மாசம் அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு, "என் பிள்ளை வந்தாச்சா?"ன்னு கேட்கிறோம். வரலைன்னா வீட்டுக்குப் போறோம். காசு செலவு இல்லை. கேட்கணும், அவ்வளவுதான்.

தம்பியைப் பார்த்துக்கிட்டிருந்த பொண்ணு திரும்பிப் பள்ளிக்குப் போயிட்டா. மில்லுக்குப் போன பொண்ணு போகலை. ரெண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "இனிமே எதுக்கு டீச்சர்"னுட்டா. அவளுக்கு என் படிப்பு தாமதமாத்தான் வந்துச்சு நடுவர் ஐயா. அடுத்தவளுக்காவது நேரத்துக்கு வரணும்னுதான் இந்த வயசுல பையைத் தூக்கிக்கிட்டு வகுப்புக்குப் போறேன்.

ஆகவே, பள்ளிக்கூட நிர்வாகத்துக்குப் பெரிதும் துணை நிற்பது ஆய்வுப் படிப்பே, ஆய்வுப் படிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)