ஊதுவத்திக் குச்சியும் பகா எண்ணும்

(பெங்களூர் மாலை வகுப்பு ஒன்றில் பேசியது)



"எழுத்து வந்துவிட்டது ஐயா, கணக்குதான் வராது" என்று ஓர் அம்மா போன வாரம் சொன்னார். அவர் ஊதுவத்தி உருட்டுகிறவர். அதனால் குச்சியிலேயே ஆரம்பிக்கிறேன்.

12 குச்சிகளை எடுங்கள். வரிசைக்கு 3 வைத்தால் 4 வரிசை வரும். மிச்சம் இல்லை. இன்னொரு குச்சியைச் சேருங்கள். 13 ஆகிவிட்டது. இரண்டு இரண்டாக வையுங்கள், மிஞ்சும். மூன்று மூன்றாக வையுங்கள், அப்போதும் மிஞ்சும். எப்படி வைத்தாலும் சம வரிசைகள் வராது. இப்படிப்பட்ட எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். பகுக்க முடியாதது பகா. 2, 3, 5, 7, 11 எல்லாம் இந்த வகைதான்.

இவை எங்காவது முடிந்துவிடுமா? முடியாது என்று சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் எழுதி வைத்தார். அவர் கிரேக்கர். சும்மா சொல்லவில்லை, காரணம் காட்டினார். 2, 3, 5 மட்டுமே பகா எண்கள் என்று ஒருவர் பிடிவாதம் பிடிக்கிறார். மூன்றையும் பெருக்குங்கள், 30. ஒன்று கூட்டுங்கள், 31. அதை 2, 3, 5 எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும். ஆக, அவர் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எவ்வளவு நீளமான பட்டியல் கொண்டு வந்தாலும் இதே கதைதான்.

கிரேக்கர் சங்கதி நமக்கு எதற்கு என்பீர்கள். நம் ஊரில் மினர்வா மில் இருந்தது அல்லவா? அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் ராமச்சந்திரா. 1933-இல் மண்டியாவில் பிறந்தவர். பள்ளி வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் கடன் வாங்கிப் படிக்க வைத்தார். ஒரு போட்டியில் ராமானுஜத்தின் வாழ்க்கை வரலாறு அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அதே ராமானுஜம்தான். அன்று பிடித்த எண் பைத்தியம் மில் வேலையிலும் விடவில்லை.

கல்லூரி முதல்வரின் கார் எண் 3430. அதை வைத்து விளையாடியவர் 3435-இல் வந்து நின்றார். அதில் என்ன விசேஷம்? 3-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் 27. 4-ஐ நான்கு தடவை, 256. மறுபடி 3, மறுபடி 27. 5-ஐ ஐந்து தடவை, 3,125. நான்கையும் கூட்டிப் பாருங்கள். அதே 3,435!

1958-இல் பம்பாய்க்கு ஆராய்ச்சி செய்யப் போனார். எண்களைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். 2011-இல் பெங்களூரில் காலமானார்.

ஒரு கணக்கு மட்டும் இன்னும் பாக்கி. 1742-இல் கோல்ட்பாக் என்பவர் ஒரு கடிதத்தில் எழுப்பிய கேள்வி அது. 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியுமா? கம்ப்யூட்டர் வைத்து மிகப் பெரிய எண்கள் வரை பார்த்தாயிற்று, முடிகிறது. ஆனால் எப்போதும் முடியும் என்று யூக்ளிட் மாதிரிக் காரணம் காட்டியவர் இதுவரை இல்லை.

36-க்கு நான்கு வழி உண்டு. ஒன்று, 5-உம் 31-உம். மற்ற மூன்றையும் நாளை வரும்போது நீங்கள் சொல்லுங்கள்.