கரைந்த மருந்தும் கிணற்று நீரும்
(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீரின் சுத்தத்தைப்பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு பகைகளையே எண்ணுகிறோம். ஒன்று அழுக்கு, மற்றது கிருமி. அழுக்குக் கண்ணுக்குத் தெரியும். கிருமி கண்ணுக்குத் தெரியாவிடினும் கொதிக்கவைத்தால் மாளும். குளோரின் இட்டாலும் மாளும். வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் ஊரூராய் மனிதரை வாரிக்கொண்டுபோன காலம் ஒன்றிருந்தது. அந்தப் பயத்தினாலேயே உலகெங்கும் கழிவுநீரைச் சுத்திசெய்யும் நிலையங்கள் எழுந்தன. அவை செய்த நன்மை பெரிது. ஆயினும் அவை அழுக்கையும் கிருமியையும் மனத்திற்கொண்டு கட்டப்பட்டவை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று அவற்றினூடே முழுதும் நீங்காது சென்றுவிடுகிறது. மனிதனும் மாடும் உட்கொள்ளும் மருந்துகளும், உடல்கள் தாமே சுரக்கும் ஓமோன்களும், சிறுநீரோடும் சாணத்தோடும் வெளிவந்து நீரிற் கரைந்துபோவதையே குறிப்பிடுகிறோம். இன்றைய பேச்சு அதனைப்பற்றியது.

இதனை முதலில் உலகுக்கு உணர்த்தியவை மீன்கள். இலண்டனுக்கு வடக்கேயிருந்து வந்து தேம்ஸ் நதியிற் கலப்பது லீ என்னும் ஆறு. அவ்வாற்றங்கரையிலுள்ள கழிவுநீர் நிலையத்தின் தேக்கங்களில் 1970களின் இறுதியில் பிடிபட்ட சில மீன்கள் ஆணுமாய்ப் பெண்ணுமாய் இருக்கக் கண்டனர். அவை றோச் என்பவை. எமது கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே மீனின் விதையினுள்ளே முட்டைகள் இருந்தன. காரணம் அறிய விரும்பிய ஆராய்ச்சியாளர் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். ஆண் ற்றவுற் மீன்களைக் கூட்டில் அடைத்து, கழிவுநீர் ஆற்றில் விழும் இடங்களில் இறக்கிவைத்தனர். (நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட மீன் இதுதான்.) சில கிழமைகளில் அந்த ஆண்மீன்களின் இரத்தத்திலே விற்றலோஜெனின் என்னும் புரதம் தோன்றியது. அஃது முட்டையின் மஞ்சட்கருவை ஆக்குவதற்காகப் பெண்மீன் உண்டாக்கும் புரதம். ஆண்மீனுக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. புருனெல் பல்கலைக்கழகத்து ஜோன் சம்ப்ரர் முதலியோர் இதனை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நான்கு ஆண்டுகளின்பின் சூசன் ஜோப்ளிங் அம்மையாரும் கூட்டத்தாரும் எட்டு ஆறுகளைச் சோதித்து, இந்த இருபால் நிலை பரவலாய் இருப்பதை நிலைநாட்டினர்.

பத்திரிகைகள் உடனே குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையின்மேற் பழியைப் போட்டன. அது பாதி உண்மையே. 1998இல் அந்நீரை நுணுகிப் பார்த்தபோது மாத்திரையிலுள்ள எதினைல் ஈஸ்திரடயோல் இருந்தது மெய்தான். ஆனால் எல்லாரும் இயற்கையாகவே வெளியேற்றும் ஈஸ்திரஜன் வகைகளும் அங்கு இருந்தன. சிறப்பாகப் பெண்கள், அவர்களிலும் கருவுற்ற பெண்கள் வெளியேற்றும் ஓமோன்கள். வேறு சில ஆறுகளில் ஆலைகள் பயன்படுத்திய சவர்க்காரச் சரக்குகளும் சேர்ந்துகொண்டன. ஆகையால் ஒரு மாத்திரையைத் தடைசெய்தால் தீர்ந்துவிடும் காரியமன்று இது. ஊர் ஒன்று உண்டேல் அதன் கழிவில் ஓமோனும் உண்டு.

இங்கே வியக்கத்தக்க ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். ஓமோனை வெளியேற்றுமுன் எமது ஈரல் அதனோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தைப் பிணைத்து விடுகிறது. அப்படிப் பிணைந்த ஓமோன் பூட்டுப் போட்ட பெட்டிபோல வேலை செய்யாது கிடக்கும். உடம்பு தன் கடமையைச் செவ்வனே செய்தாயிற்று. ஆனால் மலத்தோடு சேர்ந்து வரும் குடற் பற்றீரியாக்கள் அந்தச் சர்க்கரையைக் கழற்றித் தின்றுவிடுகின்றன. பூட்டுத் திறந்துவிடுகிறது, ஓமோன் மீண்டும் உயிர்பெறுகிறது.

“இத்தனை நீரிலே இத்துணூண்டு மருந்து என்ன செய்துவிடும்?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கனடா நாட்டார் அதற்கு ஒரு முழு ஏரியையே பரீட்சைக்கு விட்டு விடை தேடினர். ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய ஏரிகள் பல உள. அவற்றில் 260ஆம் இலக்க ஏரியிலே, கரன் கிட் அம்மையாரின் தலைமையில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் அந்த எதினைல் ஈஸ்திரடயோலைக் கலந்தனர். அளவு, இலீற்றருக்கு ஐந்தாறு நனோகிராம். நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு மாத்திரையில் 30 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொண்டால், அம்மாத்திரை ஒன்றே 6,000 இலீற்றர் நீரை அந்த வலிமைக்குக் கொண்டுவரப் போதும். விளைவு என்ன? ஏரியிலிருந்த சிறுமீன் இனம் ஒன்றின் ஆண்கள் பெண்தன்மை பெற்றன. குஞ்சு பொரிப்பது நின்றது. சில ஆண்டுகளில் அவ்வினம் அந்த ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அவற்றைத் தின்று வாழ்ந்த பெருமீனும் இரையின்றிக் குறைந்தது. மருந்திடுவதை நிறுத்திய பின், ஆண்டுகள் பல சென்று, சிறுமீன்கள் திரும்பப் பெருகின. வரத்து நின்றால் நீர் தேறும் என்பதற்கு இந்த ஏரி சாட்சி.

ஓமோன் என்பதே உடலில் மிகச் சிறிய அளவில் வேலை செய்வதற்காக அமைந்த பொருள். உப்பையும் சீனியையும் அளக்கும் கண்ணால் அதனை அளக்கலாகாது.

இனி மாட்டுப் பட்டிக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவிலே இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகளை ஆயிரக்கணக்கில் ஒரே அடைப்பில் நிறுத்தித் தீனி கொடுத்துக் கொழுக்கவைக்கிறார்கள். விரைவிற் சதை பிடிக்கும்பொருட்டு அவற்றின் காதுத் தோலின் கீழ் ஓமோன் குளிசையைச் செருகிவிடுவது அங்கு வழக்கம். ட்ரென்பொலோன் என்பது அவற்றிலொன்று. ஆண் ஓமோனைப்போல வேலை செய்யும் செயற்கைச் சரக்கு. ஐரோப்பியர் இவ்வழக்கத்தை 1980களின் முடிவிலேயே தடைசெய்தனர். மாட்டுக்குச் செருகியது சாணத்தில் வரும். சாணம் வயலுக்கு எருவாகும். மழை பெய்தால் ஓடைக்குப் போகும். நெப்ராஸ்கா மாநிலத்தில் அத்தகைய பட்டி ஒன்றின் வடிநீர் ஓடிய இடத்து மீன்களிற் பால்வேற்றுமை குழம்பியிருந்ததை 2004இல் அறிவித்தனர். சூரிய ஒளி அச்சரக்கைச் சிதைத்துவிடும் என்று முன்பு ஆறுதல் கொண்டிருந்தார்கள். 2013இல் அந்த ஆறுதலும் போயிற்று. பகலில் சிதைந்த ட்ரென்பொலோனின் ஒரு பங்கு, இருட்டிலே மீண்டும் பழைய உருவைப் பெறுகிறதென்று கண்டனர். பகலிற் சோதித்தவர் குறைவென்று எழுதிவிட்டுப் போக, இரவில் அது திரும்பி நிற்கும்.

இதைக் கேட்டு எருவையே வெறுத்துவிடவேண்டாம். பசுவின் சாணத்திற் குற்றமில்லை. பச்சையாக வாரிக் கொட்டுவதிலும் மழையில் நனையவிடுவதிலுந்தான் குற்றம். எருவைக் கும்பியாகக் குவித்து, கிளறி, உள்ளே சூடேறி மக்கவிட்டால் பெரும்பகுதி அழியும். கோழியெருவை அவ்வாறு 139 நாட்கள் மக்கவைத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2005இல் வெளிவந்தது. நீரிற் கரையக்கூடிய ஈஸ்திரடயோல் 84 வீதமும் ஆண் ஓமோன் 90 வீதமும் குறைந்திருந்தன. மக்காத எருவைப் பயிருக்கு இடாதே என்று எமது தோட்டக்காரர் சொல்லிவருவது பயிரை நினைந்து. அது நீருக்கும் பொருந்திவிட்டது.

குடிப்பவனுக்கு என்ன கேடு என்பதே பலருடைய கவலை. உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதனை ஆராய்ந்து, குடிநீரில் அன்று கண்ட மிகச்சிறு அளவுகளால் மனிதருக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு நேருமென்பது மிகவும் ஐயத்துக்குரியது என்று கூறியது. ஆதலால் எவரும் மருந்தை நிறுத்தவேண்டியதில்லை. ஆனால் அளவு மிஞ்சும் இடங்களும் உண்டு. ஐதராபாத்துக்கு அண்மையிலுள்ள பத்தான்செருவில், ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திசெய்யும் நிலையமொன்றிலிருந்து வெளியேறிய நீரிலே, சிப்ரோபுளொக்சசின் என்னும் கிருமிகொல்லி மருந்து இலீற்றருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததென 2007இல் வெளியிட்டனர். மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவிலும் அது அதிகம். அத்தகைய நீரிற் பழகிய கிருமி, நாளை எமது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்துக்கு மசியாது. மீனுக்கு வந்த கேட்டைவிட இதனையே நாம் அதிகம் அஞ்சுகிறோம்.

பரிகாரத்துக்கும் பணம் வேண்டும். சுவிற்சர்லாந்து தேசம் 2016 முதல், தெரிந்தெடுத்த நிலையங்களில் ஓசோன் வாயுவாலோ கரித்தூளாலோ இச்சரக்குகளை நீக்க ஏற்பாடு செய்து, அதற்கென ஆளுக்கு ஆண்டுக்கு 9 பிராங் வரை அறவிட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், இச்செலவில் 80 வீதத்துக்குக் குறையாமல் மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளரே ஏற்கவேண்டும் என்று சட்டமியற்றியது. கொம்பனிகள் மறு ஆண்டே வழக்குத் தொடுத்தன. இலாபத்தை எடுப்பவர் செலவையும் ஏற்பதே முறை என்பது எமது துணிபு.

இவ்வளவையும் இங்கே சொல்லக் காரணம், யாழ்ப்பாணத்திலே எமக்கு வற்றாத ஆறு இல்லை என்பதே. மழை நீர் சுண்ணாம்புக் கல்லில் இறங்கி நிற்கிறது. அதனைக் கிணற்றால் மொண்டு குடிக்கிறோம். அக்கல் துவாரமும் வெடிப்பும் நிறைந்தது. கீரிமலைக் கேணியிலே கடலோரத்தில் நன்னீர் ஊறி வருவதைப் பார்த்தவர்களுக்கு, கல்லுக்கடியில் நீர் எவ்வளவு தாராளமாய் நடமாடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. எமது மலக்குழிகளும் அதே கல்லில்தான் வெட்டப்பட்டுள்ளன. குழியிலிருந்தும் தோட்டத்துப் பசளையிலிருந்தும் இறங்கிய நைத்திரேற்று, பல கிணறுகளில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக எல்லையைத் தாண்டிவிட்டது பலமுறை அளந்து கண்ட உண்மை. நைத்திரேற்று வந்த வழியால் மருந்தும் வரமுடியும். நைத்திரேற்றைப் போலவே இதனையும் கொதிக்கவைத்து நீக்குவது இயலாது. நீர் ஆவியாக, கரைந்தது பானையிலேயே தங்கும்.

ஓசோன் நிலையம் எமக்கு நாளைக்கே வரப்போவதில்லை. ஆனால் மாட்டுக்கொட்டிலின் எருக்கும்பியைக் கிணற்றடியிலிருந்து தள்ளி, சீமெந்துத் தரையிட்டு, மேலே கிடுகுக் கூரை ஒன்று போடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. புதிதாய் வீடு கட்டுவோர் மலக்குழியின் அடியை மூடிக் கட்டுவிக்கலாம். மாட்டுக்கு ஊசி போட்டால், அந்த நாட்களின் சாணத்தை வேறாகக் குவித்து மக்கவிடலாம். வீட்டில் மிஞ்சிய குளிசைகளை மலசலகூடத்திற் கொட்டும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு; பாட்டனார் காலமானதும் அவரது மருந்துப்பெட்டி முழுவதும் ஒரே நாளிற் குழிக்குப் போவதைக் கண்டிருக்கிறோம். சங்கத்து இளைஞர்கள் ஊர் வைத்தியசாலையின் மருந்தாளரோடு பேசி, மிஞ்சிய மருந்துகளை மாதம் ஒருமுறை வீடுவீடாய்ச் சேர்த்து, எரித்தழிக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவிக்க முடியுமா என்று ஆராய்வார்களாக. வரும் மாசி மாதக் கூட்டத்தில் இதனை நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.