ஆட்டம் இருக்கிறது, ஆடியவர் யார்?

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றதிலிருந்து நம் வீடுகளில் செஸ் போர்டு இல்லாத வீடு குறைவு. என் பேரனும் அதில் ஒருவன். ஒருநாள் கம்ப்யூட்டரில் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "தாத்தா, 1855-ல கல்கத்தாவில ஒரு பானர்ஜி ஆடியிருக்கார். யார் அவர்?" என்று கேட்டான். முப்பது வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேட ஆரம்பித்ததுதான் இன்றைய பேச்சு.

ஜான் காக்ரேன் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். கல்கத்தாவில் பாரிஸ்டர். விடுமுறையில் லண்டன் போயிருந்தபோது, அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரரான ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியவர். 1848 வாக்கில் கல்கத்தா ஆட்டக்காரர் ஒருவருக்கு ஒரு சேதி எட்டியது: மொபசலில், அதாவது நகரத்துக்கு வெளியே உள் பிரதேசத்தில், யாரிடமும் தோற்காத ஒரு பிராமணர் இருக்கிறார் என்று. அவரை அழைத்து வந்து காக்ரேனோடு ஆட வைத்தார்கள். இருவரும் ஆடிய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் பதிவாகி இருக்கின்றன.

சிக்கல் பெயரில்தான். ஓரிடத்தில் வெறும் "பிராமணர்". இன்னோரிடத்தில் "மொஹிஷுந்தர்". வேறோரிடத்தில் "மொஹேஸ்சுந்தர் பானர்ஜி". மொஹிஷுந்தர் ஒருவர், பானர்ஜி வேறொருவர் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நாலு பேரிடம் அப்படிச் சொல்லியும் விட்டேன். அது தப்பு. இங்கிலீஷ்காரர்கள் "சந்திர" என்பதை "சுந்தர்" என்று ஒலிக்கும்படி எழுதுவது அக்கால வழக்கம். வங்காளிகள் "ம" என்பதை "மொ" என்பார்கள். சேர்த்துப் படித்தால் மகேஷ் சந்திர பானர்ஜி! ஊர் அதே ஊர், எதிராளி அதே எதிராளி, காலமும் அதே காலம். ஆள் ஒருவர்தான். காக்ரேனோடு ஆடிய இன்னொருவர் "சௌம்சுர்ன் குட்டாக்" என்று பதிவாகி இருக்கிறார். "குட்டாக்" என்பது "கட்டக்" என்ற வங்காளக் குடும்பப் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

பெயர் மட்டுமல்ல, ஆடும் முறையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டுப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். அதில் பழகிய கை, ஐரோப்பிய விதிப்படி ஆடும்போதும் சிப்பாயை அடக்கமாக நகர்த்தி, மந்திரியை ஓரத்திலிருந்து குறுக்காகப் பாய விடும். மகேஷ் சந்திரர் அப்படித்தான் ஆடினார். "இந்தியன் டிபென்ஸ்" என்ற பெயர் வந்ததே அவரையொத்தவர்கள் ஆட்டத்தால்தான் என்று செஸ் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1855 மே மாதம் அவர் கறுப்புக் காயில் ஆடிய ஒரு தொடக்கம், 67 வருஷம் கழித்து 1922-ல் வியன்னாவைச் சேர்ந்த குருன்பெல்ட் ஆடியதால் "குருன்பெல்ட் டிபென்ஸ்" ஆயிற்று. 2014 உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் ஆடியதும் அதுவே. அந்த 1855 ஆட்டத்தில் மகேஷ் சந்திரர் தோற்றார். காக்ரேன் ராணியையே பலி கொடுத்து, குதிரையால் மேட் வைக்கும் நிலை. தோற்ற ஆட்டம்தான், ஆனால் எழுதி வைத்ததால்தான் அது நமக்குக் கிடைத்தது.

நம் பக்கத்துக்காரர் ஒருவரும் இந்தச் சரித்திரத்தில் உண்டு. 1814-ல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியான ஒரு சதுரங்கப் புத்தகத்தின் மூலம் சம்ஸ்கிருதம். ஆசிரியர் பெயர் "ட்ரெவங்கடாசார்ய சாஸ்திரி" என்று அச்சாகி இருக்கிறது. வெள்ளைக்காரர் யாருக்கும் புரியாது. இந்தச் சபையில் சொன்னால் குழந்தைகூடச் சொல்லிவிடும், திருவேங்கடாசார்யர் என்று!

"பிராமணர்" என்று படித்ததும் எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. யோசித்தால், அது பெயரா? தோல்வியே காணாத ஒரு மனுஷனின் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை, ஜாதியை எழுதினால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரரைக் குறை சொல்லிவிட்டு என் வீட்டைப் பார்த்தேன். என் தகப்பனார் கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் இருந்தபோது ஆடிய ஆட்டங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எதிராளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "கணக்கு சார்", "எதிர் ரூம்", "மாயவரம்"! மாயவரத்தோடு ஆடியது பதினோரு ஆட்டம். அதில் 1956-ஆம் வருஷத்து ஆட்டம் ஒன்றின் ஓரத்தில், "பெண் பிறந்ததாகத் தந்தி. ஆட்டம் நின்றது" என்று குறிப்பு.

போன வருஷம் சென்னையில் ஒரு சஷ்டியப்தபூர்த்திப் பந்தியில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். பக்கத்து இலை மாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "தேதி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பிறந்ததற்கு மறுநாள். அப்பா அப்போது கல்கத்தாவில் இருந்தாராம். ஒரு பொருத்தத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று மகேஷ் சந்திரர் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான், அதனால் தயங்கினேன். ஒரு வாரத்தில் மாமியே பழைய தபால் உறை ஒன்றை அனுப்பினார். அதில் இருந்தது அதே மெஸ் விலாசம்.

மாமிக்கு நாலு வயசிலேயே தகப்பனார் தவறிவிட்டார். வீட்டில் ஒரே ஒரு போட்டோதான். பதினோரு ஆட்டத்தையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். மாமிக்குச் செஸ் தெரியாது. என் பேரன் போர்டை வைத்து அவர் அப்பாவின் காய்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினான். கடைசியில், "அந்தத் தந்தி வந்தப்போ ஜெயிக்கிற மாதிரி இருந்தாரா?" என்று கேட்டார். பேரன் பார்த்துச் சொன்னான்: "ஒரு யானை அதிகம் பாட்டி. ஜெயிச்சிருப்பார்."

கணக்கு சாரும் எதிர் ரூமும் இன்னும் பாக்கி. 1950-களில் லேக் மார்க்கெட் மெஸ்களில் இருந்தவர்கள் யார் வீட்டிலாவது இருந்தால், தயவுசெய்து நம் காரியதரிசிக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த ஊர்க் கிளையில் இருந்தாலும் சரி.

இன்னொரு வேண்டுகோள். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கும் பழைய போட்டோவை எடுங்கள். பின்பக்கம் "மாமா", "பக்கத்து வீட்டு மாமி" என்று எழுதாமல் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் எழுதுங்கள். கேட்டுச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதுங்கள்.