முதுகுக்குள்ளே ஒரு ரத்தக் கட்டு

சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொன்னதால் ஒரே விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் "திடீர்னு பிடரியில குத்துச்சு டாக்டர்" என்று வந்தால் சுளுக்கு என்று டைக்ளோஃபெனாக் போடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில மணி நேரத்தில் கால் மரத்து, சிறுநீர் அடைத்துக்கொண்டால், தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கசிந்து அமுக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். 1869-லேயே லான்செட்டில் ஜாக்சன் எழுதிய வியாதி இது. நமக்குத்தான் ஞாபகம் வருவதில்லை!

இதய வால்வு மாற்றியவரா, அசிட்ரோம் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். கேட்காமல் சொல்ல மாட்டார்கள். ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் வைட்டமின் கே, பிளாஸ்மா.

பெரிய கண்ணி ஒன்று உண்டு. கழுத்தில் கசிந்தால் சிலருக்கு ஒரு பக்கக் கைகால் மட்டும் விழும். பக்கவாதம் என்று கட்டி கரைக்கும் ஊசி போட்டால் தீர்ந்தது கதை. முகம் கோணவில்லை, பேச்சு குழறவில்லை, கழுத்து மட்டும் வலிக்கிறதா? ஊசியைக் கீழே வையுங்கள், கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள். சி.டி.யில் தப்பிவிடலாம்.

தானாகத் தேறி வருகிற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு லேமினெக்டமிதான். 12 மணி நேரத்துக்குள் செய்தால் கால் திரும்ப வாய்ப்பு அதிகம். திண்டுக்கல்லிலிருந்து மதுரை அறுபது கிலோமீட்டர் சொச்சம். வண்டி கிளம்புமுன் நியூரோ சர்ஜனுக்குப் போன் செய்துவிடுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டு, வலி தொடங்கிய மணியையும் கால் விழுந்த மணியையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.